வாய் பார்க்கிற வேலை

வேலைவெட்டி இல்லாமல் தெருவில் நிற்பவனை எங்கள் மதுரைப் பக்கத்தில் 'வாய் பாத்துக்கிட்டு நிக்கிறான்' என்பார்கள். அதையே நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன். பல் மருத்துவம் படித்து, ஆனையூரில் ஒரு கிளினிக் திறந்து, ஆள் வராமல் ஈ ஓட்டி, கடைசியில் நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டுக்கு வந்து சேர்ந்தேன். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், கையில் சின்ன டார்ச்சோடு, "ஆ காட்டுங்க" என்று சொல்லி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். உதடு வெடித்திருக்கிறதா, எச்சில் ஊறுகிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா, கொடுப்பதை விழுங்க முடிகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். என் மாமியாரிடம் யாராவது கேட்டால், "மருமகளுக்கு ஆஸ்பத்திரியில வாய் பாக்குற வேலை" என்பார். சொல்லிவிட்டு முந்தானையால் சிரிப்பை மூடிக்கொள்வார்.

சிரிக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் வயதானவர்களிடம் எதை எதையோ அளந்தார்கள், வாயை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. சர்க்கரை தெரியும், பிரஷர் தெரியும், எவ்வளவு மூத்திரம் போனது என்று தெரியும். "பல் இருக்கா?" என்று கேட்டால் கூட இருப்பவர்கள் "பல்லே இல்லைங்க" என்பார்கள். நான் விரலை விட்டால் உள்ளே பல்செட் இருக்கும். மாட்டிய நாளிலிருந்து கழற்றாமல், மேலண்ணத்தோடு ஒட்டி, அடியில் சோற்றுப் பருக்கை புளித்துக் கிடக்கும். "பல் இல்லைன்னு சொன்னீங்களே?" என்றால், "அது செட்டுல்ல மேடம், பல்லா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் சொன்னதில் பொய் கிடையாது. எனக்குத்தான் சுர்ரென்று ஏறும்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. வேலையை விட்டுவிட்டேன், வாய்கள் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு என் கணவர் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கினால் என்னால் அந்த அறையில் இருக்க முடியாது. போய் நாடியை மெல்லத் தூக்கி வாயை மூடிவிடுவேன். அவர் திடுக்கிட்டு எழுந்து, "உனக்கென்ன கிறுக்கா?" என்பார். கிறுக்கு இல்லை, பயம். திறந்து கிடக்கிற வாய்க்குப் பின்னால் ஓர் ஆள் முழு நினைவோடு படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்கிற பயம். அந்தப் பயத்தை எனக்குள் வைத்துவிட்டுப் போனவர் ஓர் அம்மாள்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமம் அவருக்கு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் தனியாளாகத் தோட்டத்தைப் பார்த்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே, மகன் டவுனுக்குக் கூட்டி வந்துவிட்டார். மகனுக்குக் காளவாசலில் பெயின்ட் கடை. மகளுக்குப் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலோடு வந்த அம்மாளுக்கு, நான் முதன்முதலில் வாயைப் பார்த்தபோது மேல் வரிசையில் ஒற்றைப் பல் மட்டும் இருந்தது. முன்பல். தொட்டால் ஆடியது.

"ஆத்தா, இதை எடுத்திரலாமா?" என்றேன்.

"அது எம் புருசன் மாதிரி தாயி. ஆடிக்கிட்டேதேன் இருக்கும், விழுகாது. இருந்துட்டுப் போகட்டும்."

வார்டே சிரித்தது. காய்ச்சல் இறங்க இறங்க அவருக்குப் பேச்சு கூடியது. பேச்செல்லாம் தோட்டத்தைப் பற்றித்தான். மகன் வீட்டில் எங்கே பார்த்தாலும் டைல்ஸ், கால் மண்ணைத் தொட்டு எம்புட்டு நாளாச்சு என்பார். "இங்கனருந்து எந்திரிச்சா நேரா தோட்டத்துக்குத்தேன். மோட்டார் ரூமுல கட்டிலைப் போட்டுக் கெடப்பேன்." அதற்காகவே, வேண்டாத மருந்தையும் பிடிக்காத கஞ்சியையும் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் விழுங்கினார். சாப்பிட மறுக்கிறவர்களையே பார்த்துப் பார்த்து அலுத்த எனக்கு அவரைப் பார்ப்பது காலையில் ஒரு தெம்பு. சனிக்கிழமை, "திங்கக்கிழமை வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை காளவாசல் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தேன். எதிரே மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். நம்ம ஊரில் கல்யாணத்துக்குக் காதுகுத்துக்குச் சாவுக்கு என்று எதற்கும் பேனர் உண்டு. நான் ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. அன்று பார்த்தேன். பட்டுச் சேலை, படிய வாரிய தலை, சுற்றிலும் பூ. முகத்தைப் பார்த்து எனக்கு ஆளைத் தெரியவில்லை. சிரித்த வாயில் ஒற்றைப் பல்லைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "யக்கா, வண்டிய எடுக்கா!" என்று கத்தினார். வழியெல்லாம் அழுதேன். ஒரு வாரம் வாயைப் பார்த்த பழக்கத்துக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வார்டுக்குள் நுழைந்தால் அந்த அம்மாள் கட்டிலில் இருந்தார்.

வாய் அகலத் திறந்து கிடந்தது. கடைவாயிலிருந்து எச்சில் ஒழுகிக் கழுத்தடியில் துண்டை நனைத்திருந்தது. சுற்றிலும் அழுது களைத்த சனம். கட்டில் காலடியில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ரோஜா மாலை வாடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலை நெருங்க நெருங்க, அந்த அம்மாளின் கண்கள் மட்டும் என்னோடு சேர்ந்து நகர்ந்தன.

நடந்ததை மகள் அழுதுகொண்டே சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு இட்லி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் இப்படி. பேச்சில்லை, 'ஆ, ஆ' என்று சத்தம் மட்டும். பதறிப்போய் அண்ணனுக்குப் போன் அடித்து, "அண்ணே, அம்மா வாயைப் பொளந்துருச்சுண்ணே" என்றிருக்கிறார்.

அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் நம் பேச்சில் வாயைப் பிளப்பது என்றால் சாவது என்று யாருக்குத் தெரியாது? பெற்ற தாயைப் பற்றி எந்த மகளும் அப்படி மரியாதையில்லாமல் சொல்லமாட்டாள் என்று யோசிக்க அண்ணனுக்குத் தோன்றவில்லை. பதறுகிற காதுக்கு அதெல்லாம் எட்டாது. அவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊர் டெம்போ பிடித்துக் கிளம்பிவிட்டது. சிநேகிதர்கள் பேனர் அடித்துக் கட்டிவிட்டார்கள். மாலையோடு வந்து பார்த்தால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

"பிறகு பேனரைக் கழட்டலையா?" என்று மகனைக் கேட்டேன்.

"எப்பிடியும் இன்னைக்கோ நாளைக்கோன்னுட்டாங்க மேடம். கழட்டி மறுபடி கட்டணுமேன்னு விட்டுட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை.

விடுமுறை நாளில் பார்த்த டாக்டர், பக்கவாதமாக இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றிருக்கிறார். இந்த வயசில் இனி என்ன ஸ்கேன், வீட்டுக்கே கொண்டுபோகிறோம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குள் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பால் ஊற்றியிருக்கிறார்கள். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்று ஊற்றுகிற பால். மூடாத வாயால் விழுங்க முடியுமா? இருமி இருமி வெளியே தள்ளியிருக்கிறார். நல்ல வேளையாக மகள் முகத்தை ஒருபக்கம் சாய்த்துப் பிடித்திருக்கிறார். இல்லையென்றால் பாலே கொன்றிருக்கும்.

நான் டார்ச்சை அடித்தேன். மேலண்ணத்தில் பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது. நாக்கு வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. காஸ் துணியை விரலில் சுற்றி நாக்குக்கு அடியில் துடைத்து எடுத்தேன். நறநறவென்றது. துணியில் மண்.

"என்ன இது?"

ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். "உசுரு எறங்காம இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு தாயி. மண்ணாசையா இருக்கும்னு கொஞ்சம் மண்ணைக் கரைச்சு ஊத்துனோம்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். சொந்த நிலத்து மண்ணை நீரில் கரைத்து வாயில் விட்டால், நிலத்தின் மேலிருக்கும் ஆசை தீர்ந்து உயிர் பிரியும் என்பார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். பிழைப்பைக் கெடுத்தவனைத் திட்டும்போது 'வாயில மண்ணைப் போட்டுட்டான்' என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நிஜமாகவே மண் போட்ட வாயை, அதுவும் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரின் வாயை, அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கத்திக்கொண்டே, பழக்க தோஷத்தில், இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துத் தடவினேன். தாடை எலும்பின் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். பக்கவாதமும் இல்லை, எமனும் இல்லை. அந்த அம்மாள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டிருக்கிறார். பல் இல்லாத, தளர்ந்த தாடை குழியிலிருந்து நழுவி வெளியே வந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான். அதற்குத்தான் மாலை, பேனர், பால், மண்.

படம் எடுத்து உறுதி செய்துகொண்டு, வார்டு டாக்டர் வலிக்கு ஊசி போட, அவரைத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். மகள் பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார். காஸ் சுற்றிய கட்டைவிரல்களைக் கீழ் ஈறின் கடைசியில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினேன். ஒரு பக்கம் டக்கென்று விழுந்தது. மறுபக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்து விழுந்தது. உதடு ரெண்டும் ஒன்றை ஒன்று தொட்டதும் அந்த அம்மாள் கண்ணை மூடி, எச்சிலை விழுங்கினார். விழுங்குவதில் அத்தனை சுகம் இருக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"தண்ணி," என்றார். கொப்பளித்தார். மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் கொப்பளித்தார். கலங்கல் தீர்ந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

மகன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் மகனின் தலையில் கை வைத்து, "சாப்டியாப்பா?" என்றார்.

தாடை மறுபடி நழுவாமல் இருக்க, நாடியிலிருந்து உச்சந்தலை வரை சுற்றிக் கட்டுப் போட வேண்டும். நான் துணியை எடுத்ததும் மகள் பாய்ந்து என் கையைப் பிடித்தார். "ஐயோ வேணாம் டாக்டரம்மா! உசுரோட இருக்கவுகளுக்கு நாடி கட்டக் கூடாது!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிணத்துக்கு வாய் திறக்காமலிருக்கக் கட்டுவார்களே நாடிக்கட்டு, அதே கட்டுத்தான். கல்லூரியில் எத்தனையோ முறை கட்டிப் பழகியிருக்கிறேன், ஒருமுறைகூட அப்படித் தோன்றியதில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்தார். என் கை கட்ட மறுத்தது.

அந்த அம்மாள் என் கையிலிருந்து துணியை வாங்கித் தானே நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். "பேனரு கட்டியாச்சு, மாலை வாங்கியாச்சு. இது ஒண்ணுதேன் பாக்கி. கட்டு தாயி."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். பேனரைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லையே. மகனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்தது சந்தோஷம் இல்லை.

"அம்மா," என்று மகன் மெதுவாகக் கேட்டார், "நாங்க பேசுனதெல்லாம் ஒனக்குக் கேட்டுச்சா?"

"பேனரு பேனருன்னு யாரோ கத்துனாக. அம்புட்டுத்தேன். மத்ததெல்லாம் ஒரே மயக்கம்."

மகன் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். தாய் செத்துப் பிழைத்தாளே என்று விட்ட மூச்சு என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு அவரை வார்டிலேயே வைத்துப் பார்த்தோம். கூழாகக் கரைத்துக் கொடுத்தார்கள், குடித்தார். நான் தினமும் கட்டை அவிழ்த்து வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டுவேன். ஆனால் பழைய பேச்சு இல்லை. தாடை வலி என்று வைத்துக்கொண்டேன். மகன் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, கேட்காமலே தோட்டத்துச் சேதி சொன்னார். மழை பெய்திருக்கிறதாம். கடலை நன்றாகப் பிடித்திருக்கிறதாம். கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். மகளும் பக்கத்தில் நின்று, "ஆமாம்மா, நான்கூட போட்டோ பாத்தேன்" என்பார். கட்டுப் போட்ட தலையை அந்த அம்மாள் மெதுவாக ஆட்டுவார். எவ்வளவு பாசமான பிள்ளைகள் என்று நான் வீட்டில் போய்ச் சொன்னேன். ஆனாலும் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அந்தக் கண்கள் என்னைத் தொடர்ந்து வருவதும், அவை எதையோ சொல்ல ஒரு தருணம் பார்த்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தும் முதுகில் அந்தப் பார்வை இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள் காலை. மகன் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போயிருந்தார், மகள் கீழே மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் கட்டை அவிழ்த்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். நாக்கு ஈரமாக இருந்தது. ஈறு நல்ல சிவப்பு. எங்கும் புண் இல்லை.

"வாய் சுத்தமா இருக்கு ஆத்தா," என்றேன்.

அவர் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டார். "அது எங்க தோட்டத்து மண்ணு இல்ல தாயி."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்களுது செம்மண்ணு. அவுக ஊத்துனது சிமிட்டி நாத்தம் நாறுச்சு. மக சொன்னா, ஊருக்குப் போயி நம்ம தோட்டத்துல ஒரு பிடி அள்ளிட்டு வாண்ணேன்னு. அவன் அழுகுறான். தோட்டம் ஏது, வித்தாச்சு, பிளாட்டுப் போட்டுக் கல்லு ஊண்டிட்டாகங்குறான். எந் தலைமாட்டுல நின்னுதேன் சொல்றான். பென்சனுக்குன்னு கூட்டிட்டுப் போயி எங்கிட்ட ரேகை வாங்குனானே, அது இதுக்குத்தேன். அவளும் கொஞ்ச நேரம் அழுதா. பெறகு, அம்மாவுக்குத் தெரியாமயே போகட்டும்னா. ஆஸ்பத்திரி வாசல்ல குழாய்க்குத் தோண்டிப் போட்டுருந்த மண்ணை அள்ளியாந்து கரைச்சாக. எனக்கு என்ன தெரியப்போகுதுன்னு."

"அவர்கிட்டக் கேக்கலையா ஆத்தா?"

"கேட்டா இன்னொரு பொய்யி சொல்லணும் அவன். எம்புட்டுத்தேன் சொல்லுவான், பாவம்."

கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பாக இருந்தது. "நீ ஒண்ணு செய்யி. அந்தத் தாடைப் பூட்டைத் திரும்பக் கழட்டி விட்டுரு. வாயி தெறந்து கெடந்தப்பத்தேன் எல்லாரும் எங்கிட்ட நெசத்தைப் பேசுனாக."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. என் கட்டைவிரல்கள் கூசின. நான் செய்தது வைத்தியம்தான், சரியாகத்தான் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் நான் மூடிவைத்தது எதை என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

மகன் உள்ளே வந்தார். "கெளம்புவமாம்மா? காரு வந்துருச்சு."

அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மகனை நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, தோட்டத்துக்குப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வீட்டுக்குப் போவமா?"

மகன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இன்னைக்கு வேணாம்மா. தண்ணி பாச்சியிருக்கு, ஒரே சகதி. ஒனக்குக் காலு வழுக்கிரும்."

"அதுவுஞ் சரித்தேன்," என்றார் அவர்.